திலாப்பியாவின் முதல் ஒரு மாதம்

குனோங் ராபாட், சிம்பாங் பூலாய், கோப்பெங் என்று ஈப்போவுக்குத் தெற்கே நீளும் ஊர்களில் மீன் வாங்குகிறவர்களுக்கு ஒரு பேச்சு பழக்கமானது: குளத்து மீன் வேண்டாம், ஹார்மோன் போட்டு வளர்த்தது. வயதுக்கு வரும் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்ற எச்சரிக்கையும் அதோடு ஒட்டிக்கொள்ளும். கிந்தா பள்ளத்தாக்கில் இந்தப் பேச்சுக்குக் கூடுதல் கனம் உண்டு. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்த பிறகு இங்கே விட்டுப்போன ஈயக்குட்டைகள் பலவற்றில் மீன் வளர்ப்புதான் குடியேறியது. சிவப்புத் திலாப்பியா, கெளுத்தி, பாத்தின் எல்லாம் இந்த வட்டாரத்து அடுப்புக்கு அன்றாடச் சரக்கு. கடல் மீன் விலை ஏறும்போதெல்லாம் சம்பளத்துக்குள் குடும்பம் நடத்துகிறவர்கள் கைநீட்டுவது இவற்றின் பக்கம்தான். அந்த மீனைப் பற்றிய பயம் வீண் பயமா, நியாயமான பயமா என்று பார்ப்பது அவசியம். பேச்சில் பாதி உண்மை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். பண்ணைத் திலாப்பியாவில் பெரும்பகுதிக்கு, அது குஞ்சாக இருக்கும்போது, ஆண் ஹார்மோன் கொடுக்கப்படுகிறது. ஆனால் அந்த ஹார்மோனை நாம் சாப்பாட்டுத் தட்டில் தேடுகிறோம். அது இருக்கக்கூடிய இடம் குஞ்சு பொரிப்பகத்தின் தொட்டியும் அதிலிருந்து வெளியேறும் தண்ணீரும்.

ஏன் அப்படி என்று புரிய, மீனின் வாழ்க்கையை முட்டையிலிருந்து பார்க்க வேண்டும். ஹார்மோன் என்பது மனிதன் வெளியிலிருந்து கொண்டுவந்து மீனுக்குள் திணித்த பொருள் என்ற நினைப்பு முட்டையிலேயே உடைந்துவிடுகிறது. பெண் மீன் சினை வைக்கும் காலத்தில் அதன் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. அது இரத்தம் வழியாக ஈரலுக்குப் போய் வைட்டெலோஜெனின் என்ற பெரிய புரதத்தைத் தயாரிக்கச் சொல்கிறது. ஈரல் தயாரித்த புரதம் மறுபடி இரத்தத்தில் ஏறிச் சினைப்பைக்கு வந்து, வளரும் முட்டைக்குள் புகுந்து, அங்கே துண்டுதுண்டாக வெட்டப்பட்டு மஞ்சள் கருவாகச் சேர்கிறது. குஞ்சு வாய் திறந்து முதல் இரையைக் கவ்வும்வரை அதற்கு இருக்கும் ஒரே உணவு தாய் கட்டிக்கொடுத்த இந்தக் கட்டுச்சோறுதான். அதற்குள் புரதமும் கொழுப்பும் மட்டுமா இருக்கின்றன? தாயின் தைராய்டு ஹார்மோனும், பதற்ற காலத்தில் உடல் சுரக்கும் கார்ட்டிசாலும், பாலியல் ஹார்மோன்களும் சிறு அளவில் கூடவே வந்துவிடுகின்றன. முட்டைக்குள் இருக்கும் கருவுக்குச் சொந்தமாகத் தைராய்டு சுரப்பி இன்னும் உருவாகவில்லை. இருந்தாலும் அந்த ஹார்மோன் அதற்கு வேண்டும், எனவே தாயின் கையிருப்பைச் செலவழிக்கிறது. நெருக்கடியான தொட்டியில், கலங்கிய நீரில், அரைகுறைத் தீனியில் வைக்கப்பட்ட தாய்மீனின் முட்டையில் இந்தக் கையிருப்பும் கோணலாகத்தான் இருக்கும். பொரிப்பகக்காரர்கள் தாய்மீனுக்கு நல்ல புரதத் தீனி போட்டுப் பராமரிப்பது அதனால்தான்.

முட்டை பொரிக்கும் நாட்களில் இந்த ஹார்மோன்களின் அளவு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை விரிவாக ஆராய்ந்தவர்களில் நம் அண்டைவீட்டுக்காரர்களும் உண்டு. சிங்கப்பூரில் டி. ஜே. லாம் என்ற விலங்கியல் பேராசிரியர் 1980இல் ஒரு முடிவை வெளியிட்டார்: தைராக்சின் கலந்த நீரில் விடப்பட்ட திலாப்பியாக் குஞ்சுகள் விரைவாக உருப்பெற்றன, அதிகமாகப் பிழைத்தன. அவர் எடுத்துக்கொண்டது ஜப்பானியர் காலத்தில் மலாயாவுக்கு வந்து சேர்ந்த அதே கறுப்புத் திலாப்பியா இனம். பிறகு அவருடைய பல்கலைக்கழகத்தில், நாம் சியாக்காப் என்று வாங்கும் கொடுவாய் மீனின் குஞ்சுகளில் கார்ட்டிசாலை நாள்வாரியாக அளந்தார்கள். தாய் வைத்த கார்ட்டிசால் கரு வளர வளரக் குறைந்துகொண்டே வந்தது. பொரித்த பின் மீண்டும் உயர்ந்தது, அந்த உயர்வு குஞ்சே சுரந்தது. தைராய்டு ஹார்மோனும் பல மீன்களில் இதே போக்கில், முதலில் தாயின் சொத்தாக இறங்கி, பிறகு பிள்ளையின் சம்பாத்தியமாக ஏறுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் வரும் பள்ளம்தான் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் சாகும் காலம். மஞ்சள் கரு தீர்ந்துவிட்டது, இரை பிடிக்கத் தெரியவில்லை, வயிறு இன்னும் வயிறாகவில்லை. சியாக்காப் குஞ்சுக்கு முதல் நாட்களில் இரைப்பையே கிடையாது. கணையம் சுரக்கும் டிரிப்சின் என்ற நொதிதான் புரதத்தைச் செரிக்கிறது. அமிலமும் பெப்சினும் வேலைக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன்னால் உலர்தீனியைப் போட்டால் தின்னும், ஆனால் உடம்பில் ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாத உயிர் இரைகளைத் தனியாக வளர்த்துக் கொடுக்கும் சிரமம் இதற்காகத்தான். திலாப்பியா இந்த விஷயத்தில் கெட்டிக்கார மீன். தாய் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கிறது, முட்டையும் பெரிது, மஞ்சள் கருவும் தாராளம். அதனால் குஞ்சு ஓரளவு தேறிய உடம்போடு நீந்தத் தொடங்கி, நேராகத் தூள் தீனிக்கு வந்துவிடுகிறது. இந்தச் சௌகரியம்தான் ஹார்மோனைத் தீனியில் கலக்கும் வழியைத் திறந்துவிட்டது.

அதற்கு முன், மீனுக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்ற கதையைத் தீர்த்துவிடலாம். கெளுத்திக்கும் பாத்தினுக்கும் ஊசி போடுவது உண்மை, ஆனால் போடுவது தாய்மீனுக்கு. ஆற்றில் மழைவெள்ளத்தின் மணம் பட்டால்தான் முட்டையிடும் மீன்கள் குளத்தில் சினை வைத்தும் முட்டையைத் தள்ளாமல் இருந்துவிடும். மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி கடைசிக் கட்டளையைக் கொடுக்காததுதான் காரணம். வேறொரு மீனின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகச் செலுத்தினால் அந்தக் கட்டளை கிடைத்துவிடுகிறது. ஒடிசாவின் அங்குலில் 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சவுத்ரியும் கே. எச். அலிகுன்ஹியும் இந்தியக் கெண்டையை இப்படி முட்டையிட வைத்தார்கள். அந்த நாளை இந்தியா இன்றும் மீன்வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறது. இப்போது சுரப்பிச் சாற்றுக்குப் பதிலாகச் செயற்கை ஹார்மோன் மருந்து வந்துவிட்டது, வேலை அதேதான். ஊசி வாங்கிய தாய் பண்ணையிலேயே இருக்கிறது. அதன் முட்டையிலிருந்து வந்து, மாதக்கணக்கில் வளர்ந்த பிள்ளைதான் நம் கறிச்சட்டிக்கு வருகிறது. விற்கும் மீனுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுப் பெருக்க வைக்கிறார்கள் என்பது கணக்குத் தெரியாதவர்கள் கட்டிய கதை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீனியில் கலந்தால் மற்றப் புரதங்களைப் போல அதன் பெரும்பகுதி செரித்துப் போகும். ஆயிரக்கணக்கான மீன்களைப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் ஊசி குத்தினால் மீன் விலையைவிட ஊசிச் செலவு அதிகமாகிவிடும். கிஃப்ட் திலாப்பியா என்ற பெயரைக் கேட்டதும் மரபணு மாற்றிய மீன் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். அதுவும் தவறு. 1988இல் எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நாடுகளிலிருந்து பிடித்த மீன்களோடு ஆசியப் பண்ணை மீன்களையும் சேர்த்து, நன்றாக வளர்ந்தவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனம் அது. அந்த இனத்தைப் பேணும் உலக மீன் மையத்தின் தலைமையகம் நம் பினாங்கில்தான் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வரலாம். புரத ஹார்மோன் வயிற்றில் செரித்துவிடும், ஸ்டீராய்டு ஹார்மோன் செரிக்காது. ஆண் பெண் அடையாளத்தைத் தீர்மானிப்பவை ஸ்டீராய்டுகள். அவற்றிலும் மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் என்ற செயற்கை வடிவம் ஈரலில் சட்டென்று சிதையாமல் தப்பித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது, அதனால் வாய்வழியே கொடுத்தாலும் வேலை செய்யும். திலாப்பியாவின் குரோமோசோம் அது ஆணா பெண்ணா என்பதற்கு ஒரு சாய்வைத் தருகிறது, ஆனால் முடிவைப் பூட்டிவிடுவதில்லை. நீந்தத் தொடங்கிய குஞ்சின் பாலுறுப்பு சில வாரங்களுக்கு எந்தப் பக்கமும் போகத் தயாராக இருக்கிறது. அந்த நேரத்தில் அரோமட்டேஸ் என்ற நொதிப் புரதம் நிறைய உண்டானால், அது ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது, சினைப்பை உருவாகிறது. குறைவாக இருந்தால் விந்தகம். தண்ணீர் மிகச் சூடாக இருந்தால்கூடப் பெண்ணாக வேண்டிய குஞ்சுகளில் சில ஆணாகிவிடுகின்றன. இந்த இளக்கமான காலத்தில் வெளியிலிருந்து ஒரு ஹார்மோன் வந்தால் உடல் அதன் சொல்லைக் கேட்கிறது என்பதை ஜப்பானின் நகோயாவில் யமமோட்டோ என்ற விஞ்ஞானி 1950களிலேயே மெடாக்கா என்ற சின்ன மீனில் காட்டியிருந்தார். பொரிப்பகங்கள் இன்று செய்வதும் அதுவே. சாராயத்தில் கரைத்த மெத்தில்டெஸ்டோஸ்டிரோனைத் தீனித் தூளில் தெளித்து உலர்த்துகிறார்கள், வழக்கமான அளவு ஒரு கிலோ தீனிக்கு 60 மில்லிகிராம். மூன்று முதல் நான்கு வாரம் கொடுத்தால் ஏறக்குறைய எல்லாக் குஞ்சும் ஆணாகிவிடும். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அந்த மீனுக்கு ஹார்மோன் தேவையில்லை. கதவு மூடிவிட்டது, கொடுத்தாலும் பாலினம் மாறாது. ஆண் மட்டும் எதற்கு என்றால், திலாப்பியாப் பெண் மூன்று நான்கு மாதத்திலேயே சினை பிடித்து, வாய் நிறைய முட்டையோடு பட்டினி கிடந்து, சில வாரங்களுக்கு ஒருமுறை குஞ்சைக் கொட்டும். குளம் கைவிரல் அளவு மீன்களால் நிரம்பும், விற்க ஒன்றும் தேறாது.

வெறும் ஆண் மீன் வளர்ப்பது என்ற யோசனைக்கு மலாயாவில் ஒரு பழைய வரலாறு உண்டு. மலாக்காவின் பத்து பெரெண்டாமில் இருந்த வெப்பமண்டல மீன்வளர்ப்பு ஆய்வு நிலையத்தில் சி. எஃப். ஹிக்லிங் ஜாவாவிலிருந்து வந்த திலாப்பியாவின் பெண்ணையும் ஸான்ஸிபாரிலிருந்து வந்த திலாப்பியாவின் ஆணையும் சேர்த்தார். பிறந்த குஞ்சுகள் அத்தனையும் ஆண். 1960இல் அவர் இதை வெளியிட்டபோது ஒரு மில்லிகிராம் ஹார்மோனும் செலவாகவில்லை. பிறகு ஏன் அந்த வழி கைவிடப்பட்டது? இரண்டு இனங்களையும் கலப்பில்லாமல் தனித்தனிக் குளத்தில் தலைமுறைக்கணக்கில் காக்க வேண்டும். ஒரு வெள்ளம், ஒரு உடைந்த வலை, ஒரு கவனக்குறைவு போதும், கலந்துவிடும், கலந்த பின் பெண் குஞ்சுகளும் தலைகாட்டத் தொடங்கும். அதைக் காப்பதற்கு ஆளும் இடமும் பொறுமையும் தேவைப்பட்டது. ஹார்மோன் தூளுக்கு ஒரு தராசும் ஒரு வாளியும் போதும். ஆகவே ஹார்மோன் வழி வென்றது அது ஒன்றே வழி என்பதால் அல்ல, மலிவான வழி என்பதால். இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஹார்மோன் இல்லாமல் திலாப்பியா வளர்ப்பே இல்லை என்று வாதிடுகிறவர்கள் மலாக்காவை மறந்துவிடுகிறார்கள்.

தட்டுக்கு வருவோம். ஒரு குஞ்சு அந்த நான்கு வாரத்தில் ஒரு கிராம் ஹார்மோன் தீனி தின்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்ற கணக்கில் அதற்குள் போவது 60 மைக்ரோகிராம். அந்த மீன் அரைக்கிலோ ஆகிச் சந்தைக்கு வரும்வரை அதில் ஒரு துளிகூட வெளியேறவில்லை என்ற நடக்காத கற்பனையையும் ஒப்புக்கொள்வோம். 200 கிராம் மீன் சாப்பிடுகிறவர் உடம்பில் 24 மைக்ரோகிராம் சேரும். இதே மருந்தை ஹார்மோன் குறைபாடுள்ள ஆண்களுக்கு மருத்துவர்கள் கொடுத்த தினசரி அளவு 10 மில்லிகிராமிலிருந்து தொடங்குகிறது, அதில் நானூறில் ஒரு பங்குக்கும் குறைவு இது. உண்மை நிலவரம் இந்தக் கற்பனையை விட மிகக் கீழே. கதிரியக்க அடையாளம் வைத்த ஹார்மோனைத் திலாப்பியாவுக்குக் கொடுத்துத் தேடிய ஆய்வுகளில், தீனியை நிறுத்திய சில வாரங்களில் தசையில் சுவடு மட்டுமே மிஞ்சியது. குஞ்சுக்கும் தட்டுக்கும் நடுவில் மாதங்கள் கிடக்கின்றன, அரை கிராம் உடம்பு ஆயிரம் மடங்காகிறது. கால்நடைக்கு வளர்ச்சிக்காக ஹார்மோன் கொடுப்பதைக் கண்டிப்பாகத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996ஆம் ஆண்டு உத்தரவுகூட, மூன்று மாதத்துக்கு உட்பட்ட மீன்குஞ்சைப் பாலினம் மாற்ற ஆண் ஹார்மோன் கொடுப்பதற்கு விலக்கு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் இது முழு அங்கீகாரம் பெற்ற மருந்தல்ல, ஆய்வு அனுமதி என்ற பெயரில் கண்காணிப்போடு பயன்படுத்த விடுகிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு மீன் கொடுக்காதே என்பவர்கள் இந்தக் கணக்கில் எந்த வரி தப்பு என்று சொல்ல வேண்டும். பழைய ஈயக்குட்டை மண்ணில் ஆர்செனிக் போன்றவை இருக்குமா என்று கேட்டால் அது வேறு கேள்வி, நல்ல கேள்வி, அதற்கும் ஹார்மோனுக்கும் சம்பந்தமில்லை.

ஒருவர் இப்படி மறுக்கலாம்: அளவோடு கொடுத்தால் சரி, அளவு மீறுகிறவர்களை யார் பார்ப்பது? நியாயம்தான். ஆனால் இங்கே உயிரியலே ஒரு கடிவாளம் போடுகிறது. மெத்தில்டெஸ்டோஸ்டிரோனை அதிகமாகக் கொடுத்தால் முன்பு சொன்ன அரோமட்டேஸ் அதையே ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருளாக மாற்றிவிடுகிறது. ஆணாக்கப் போட்ட மருந்து பெண் பக்கம் இழுத்துவிடும் அபாயம் இருப்பதால், கூடுதலாகப் போடுவதில் வியாபாரிக்கு லாபமில்லை. அடுத்த மறுப்பு வலுவானது: ஹார்மோன் மீனுக்குள் தங்கவில்லை என்றால் அது எங்கே போனது? என் கவலையும் இங்கேதான். ஒரு லட்சம் குஞ்சுக்கு அதே தாராளக் கணக்கில் 6 கிராம் ஹார்மோன் ஆகிறது. தின்றது கழிவாகவும், தின்னாதது மிச்சத் தீனியாகவும் அதே தொட்டி நீரில் சேர்கிறது. ஒரு பகுதி சிதைந்துபோகும், சூரிய ஒளியும் பாக்டீரியாவும் அதைத் தின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் குளத்து வண்டலில் அது வாரக்கணக்கில் ஒளிந்திருப்பதையும் அளந்திருக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு ஏரி முழுவதிலும் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம் அளவில் கலந்து பார்த்தார்கள். அங்கிருந்த சிறு கெண்டை இனம் ஏறக்குறைய அழிந்தேபோனது. அது வேறு ஹார்மோன், வலிமையும் அதிகம், அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் மீன்கள் எவ்வளவு சொற்ப ஸ்டீராய்டுக்கும் அசைந்து கொடுக்கும் என்பதற்கு அது போதும். 6 கிராமை அந்த 5 நானோகிராம் அளவுக்கு நீர்க்க வைக்க 120 கோடி லிட்டர் தண்ணீர் வேண்டும்.

கிந்தாவில் இந்தக் கவலைக்கு ஒரு தனிக் காரணமும் சேர்கிறது. குனோங் ராபாட்டின் குகைக்கோயில்களைக் குடைந்து கொடுத்த அதே சுண்ணாம்புக் கல்தான் பள்ளத்தாக்கின் அடியிலும் விரிந்து கிடக்கிறது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தண்ணீர் மணலில் போல வடிகட்டிக்கொண்டு இறங்காது, கரைந்த பிளவுகள் வழியாக ஓடிவிடும். குட்டையிலும் தொட்டியிலும் விட்டது எங்கே முளைக்கும் என்று மேலே நின்று சொல்வது கடினம். தூளைக் கையால் கலக்கும் தொழிலாளியின் நிலை இன்னும் மோசம். சாப்பிடுகிறவர் கணக்கில் வராத மைக்ரோகிராம் எங்கே, முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் மில்லிகிராம் கணக்கில் தூளை முகர்கிறவர் எங்கே. பெண்பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பொரிப்பகத்தில் கூலிக்குப் போகும் பெண்களிடமிருந்து அந்தக் கவலையைத் தொடங்கலாம்.

இதற்காக ஹார்மோனையே தடை செய் என்று சிலர் கேட்பார்கள். நாளை தடை செய்தால் மறுநாள் மலிவுப் புரதம் விலையேறும், தூள் மறைவாக விற்கும், அப்போது தொட்டி நீரைப் பார்க்கப் போகிறவர்கூட இருக்கமாட்டார். மாற்று வழியும் இருக்கிறது. தாய்தந்தை மீன்களைப் பல தலைமுறை கவனித்து, இரண்டு ஒய் குரோமோசோம் கொண்ட ஆணை உருவாக்கிவிட்டால், அதன் பிள்ளைகள் ஹார்மோன் படாமலே ஏறக்குறைய எல்லாம் ஆண். பிரிட்டனின் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தாரும் பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்களும் 1990களில் இதைச் சந்தைவரை கொண்டுவந்தார்கள். ஹிக்லிங் பட்ட பாடுதான் இதிலும், இனத்தைக் கலக்காமல் காக்க வேண்டும். ஆனால் இந்தமுறை அந்தக் காவலை ஒவ்வொரு சிறு பண்ணைக்காரரும் செய்ய வேண்டியதில்லை, அரசின் ஒரு நிலையம் செய்து தாய்தந்தை மீன்களை விற்றால் போதும். அதுவரை, ஹார்மோன் பயன்படுத்தும் தொட்டி நீரைச் சில வாரம் வெயிலிலும் பாக்டீரியா வடிகட்டியிலும் நிறுத்தி வைத்த பிறகு வெளியே விடுவது பெரிய செலவில்லை.

அது நடக்கிறதா என்று பார்க்கவும் எளிய வழி உண்டு, அதைக் கொடுப்பது முட்டைக்குள் போகும் அந்தப் புரதம்தான். வைட்டெலோஜெனின் பெண்ணின் ஈரலில்தான் உண்டாக வேண்டும். ஆணுக்கும் அதைத் தயாரிக்கும் மரபணு உண்டு, ஆனால் ஈஸ்ட்ரோஜன் கட்டளை வராததால் அது தூங்குகிறது. 1994இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் கழிவுநீர் வெளியேறும் இடங்களுக்குக் கீழே கூண்டில் வைத்த ஆண் ட்ரவுட் மீன்களின் இரத்தத்தில் இந்தப் புரதம் நிறைந்திருந்ததை வெளியிட்டார்கள். ஆற்றில் ஹார்மோன் இருக்கிறது என்று நீரை அளப்பதற்கு முன் மீனே சொல்லிவிட்டது. மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் வகையாக மாறுவதால் இந்தச் சோதனை பொரிப்பக நீருக்கும் பொருந்தும். சுங்கை ராயாவிலும் சுங்கை பிஞ்சியிலும் பொரிப்பகங்களுக்கு மேலே சில, கீழே சில என்று ஆண் மீன்களைப் பிடித்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் போதும். நாட்டின் எந்தப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடமும் செய்யக்கூடிய வேலை அது.